மலைப்பாம்பு வளர்க்கலாமா?

“ஸார், மலைப்பாம்பு வளர்த்தால் போலீஸார் பிடித்துக்கொண்டு போவார்களா?”

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூட மணி அடித்த பிறகு, பத்தாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் என்னிடம் வந்து மெல்லிய குரலில் இவ்வாறு கேட்டான். இருபது வருஷ காலமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருகிறேன். தவளையைப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தவனை அறிவேன். அணில் குஞ்சுக்குப் பஞ்சில் நனைத்துப் பால் ஊட்டியவளை அறிவேன். மலைப்பாம்புக்கு ஆசைப்பட்டவன் இவன்தான் முதல்வன்.

“எந்த மலைப்பாம்பு, தம்பி?” என்றேன்.

“நம் ஊர்ப் பாம்பு இல்லை, ஸார். ‘பால் பைத்தான்’ என்று பெயர். ஆப்பிரிக்காப் பாம்பு. நாலடிதான் வளரும். விஷம் கிடையாது. கையில் எடுத்தால் பூனைக்குட்டி மாதிரி சுருண்டு படுத்துக்கொள்ளும்” என்று மளமளவென்று சொன்னான். கைத்தொலைபேசியில் படமும் காட்டினான். யாரோ ஒருவர் விலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். தீபாவளிக்குக் கிடைத்தது, மாமா கொடுத்தது எல்லாவற்றையும் அதற்காகவே சேர்த்து வைத்திருக்கிறானாம். வீட்டில் பாட்டியின் சம்மதங்கூடக் கிடைத்துவிட்டதாம்!

பாட்டியின் சம்மதம் எப்படிக் கிடைத்தது என்பது, மறுநாள் அவர்கள் வீட்டுக்கு நான் போனபோதுதான் விளங்கிற்று.

“பால் பாம்பாமே, வாத்தியாரையா! ஒரு ஆழாக்குப் பால் ஊற்றினால் போகிறது. வாயில்லா ஜீவன், குடித்துவிட்டுப் போகட்டும்” என்றார் அந்த அம்மாள். இந்தப் ‘பால்’ பசுவின் பால் அன்று, ஆங்கிலத்தில் பந்துக்குப் பெயர் என்றும், அந்தப் பாம்பு பாலைத் தொடாது, எலிதான் கேட்கும் என்றும் நான் எடுத்துச் சொன்னேன். எழுந்து உள்ளே போனவர் அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

பையனோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ‘கூடாது’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் பாம்பைக் கண்டதும் கழியைத் தேடுகிற உலகத்திலே, பாம்பின் மேல் பிரியம் வைக்கிற பிள்ளை எத்தனை பேர்? அந்தப் பிரியத்தைக் கிள்ளி எறிய எனக்கு மனம் வரவில்லை. ஆகவே விஷயத்தை நன்றாக விசாரித்துச் சொல்வதாக ஒரு வாரத் தவணை வாங்கினேன். இந்த ஆசை இன்று பட்டணத்திலும் பட்டணத்தைச் சுற்றிய ஊர்களிலும் பல வீடுகளில் எழுந்திருக்கிறபடியால், அவனுக்குச் சொன்னதை நேயர்களுக்கும் சொல்வது நலம் என்று எண்ணுகிறேன்.

பந்தும் பயமும்

இந்தப் பந்துப் பாம்பின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் முதலிய தேசங்களிலிருந்துதான் உலகத்துச் சந்தைகளுக்கெல்லாம் இது ஏற்றுமதியாகி வந்திருக்கிறது. பெனின் தேசத்தில் இதைக் கோயில் வைத்துப் போற்றுகிற ஊரும் உண்டு. நம் பெண்மணிகள் புற்றுக்கு மஞ்சளும் குங்குமமும் இடுவதை அவ்வூரார் கண்டால் வியப்படைய மாட்டார்கள். மலைப்பாம்புகளின் குலத்தில் இது சிறியது. மூன்று முதல் ஐந்து அடி வரையில் வளரும். பகலெல்லாம் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கிடந்து, இரவில் இரை தேடும். மேலுதட்டு ஓரத்தில் உள்ள சிறு குழிகளைக் கொண்டு, இருளிலும் எலியின் உடற்சூட்டை அறிந்துவிடும்.

மலைப்பாம்புகளின் உடலமைப்பே ஓர் ஆச்சரியம். இரையைச் சுற்றி நெரிக்கும்போது மூச்சை அடைத்துக் கொல்கின்றன என்றே நெடுங்காலம் நம்பி வந்தோம். 2015-ம் வருஷம் வெளியான ஆராய்ச்சி ஒன்று, நெரித்துக் கொல்லும் மற்றொரு பெரும் பாம்பாகிய ‘போவா’வை வைத்துப் பார்த்தபோது, மூச்சைவிட முதலில் நிற்பது இரத்த ஓட்டமே என்று காட்டிற்று. பர்மா மலைப்பாம்பு பெரிய இரை ஒன்றை விழுங்கினால், இரண்டு மூன்று நாளில் அதன் இருதயம் 40 சதவீதம் பெருக்கும். இரை செரித்தபின் பழையபடி சுருங்கும். இருதயாலீசுவரர் கோயில் கொண்டிருக்கிற ஊர்க்காரனாகிய எனக்கு, இந்தச் செய்தி தனியான சுவையை அளித்தது.

ஆனால் அந்தப் பையன் மனத்தைக் கவர்ந்தது இவை ஒன்றுமல்ல. கையில் எடுத்தால் சுருண்டு படுப்பதுதான். அங்கேதான் விஷயம் இருக்கிறது. அபாயம் நேர்ந்தால் இந்தப் பாம்பு சீறுவதும் ஓடுவதும் குறைவு. தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு, உடம்பைச் சுற்றி இறுக்கிப் பந்தாகிவிடுகிறது. நாம் கொஞ்சல் என்று எண்ணுவது அதற்குக் கிலி. கையில் எடுத்துப் பழக்கினால், நாளடைவில் அது சுருளாமல் நம் விரல்களினூடே ஊர்ந்து திரியும், உண்மை. அதனால் அது நம்மைத் தேடுகிறது என்று ஆகாது. வாசற்படியில் காத்திருக்கும் நாயைப் போலவோ, காலைச் சுற்றும் பூனையைப் போலவோ, எசமானைக் கண்டு மகிழும் ஜாதி அன்று பாம்பு. நாம் அபாயமல்ல என்று கண்டுகொண்டு பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவே.

அதை வைத்துக் காப்பாற்றுவதும் லேசான காரியமன்று. கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி சூடும் மறுபக்கம் 26 டிகிரி அளவான குளிர்ச்சியும் வேண்டும். காற்றில் ஈரம் வேண்டும். ஒளிந்துகொள்ள இருட்டறை வேண்டும். மார்கழிப் பனியில் மின்சாரம் நின்றால் அது விறைக்கும். அக்கினி நட்சத்திரத்தில் நம் வீட்டுச் சுவரே கொதிக்கும்போது குளிர்ந்த மூலைக்கு அது எங்கே போகும்? இரை தின்ற இரண்டு நாள் அதைத் தொடலாகாது. சில சமயம் மாதக் கணக்கில் பட்டினி கிடக்கும். வளர்ப்பவர்தாம் கலங்கிப் போவார். அதற்கு நோய் வந்தால் வைத்தியம் அறிந்த மிருக வைத்தியர் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார். தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாவிட்டால், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி வீட்டுக் குழந்தைகளுக்குத் தொற்றக் கூடும்.

அழகுக்காகப் புதுப் புது நிறங்களில் இவற்றை இனக் கலப்புச் செய்து விற்கிறார்கள். அவற்றுள் ‘ஸ்பைடர்’ என்னும் சிலந்தி வரிப் பாம்புக்கு, அந்த நிறத்தோடேயே ஒரு குறையும் பிறக்கிறது. தலை நிலைகொள்ளாமல் ஆடும், சில பாம்புகள் குறி வைத்து இரையைப் பிடிக்கவும் தடுமாறும். நம் கண்ணுக்கு இனிமையாக இருக்கவேண்டி அந்த ஜீவன் ஆயுள் முழுதும் தலைசுற்றலோடு வாழ்கிறது.

ஆயுளோ சிறிதன்று. நன்றாகப் பேணினால் 20, 30 வருஷம் சாதாரணமாக வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயி மிருகக்காட்சிசாலையில், 62 வயதுக்குக் குறையாத பந்துப் பாம்பு ஒன்று 2020-ம் வருஷம் ஏழு முட்டைகள் இட்டது. அதன் அருகே ஆண் பாம்பு வந்து பதினைந்து வருஷத்துக்கு மேலாகியிருந்தது! 1961-ல் ஒருவர் வீட்டில் வளர்த்து, அந்தக் காட்சிசாலைக்குக் கொடுத்துவிட்ட பாம்பு அது.

“உனக்கு இப்போது பதினைந்து. நீ கல்லூரிக்குப் போவாய், உத்தியோகத்துக்கு எந்த ஊருக்கோ போவாய். அப்போது எலி போடுவது யார்? பாட்டியா?” என்று கேட்டேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

சட்டம் சொல்வது

அவன் முதலில் கேட்டது போலீஸைப் பற்றி. அதற்கும் விடை வேண்டுமல்லவா?

நம் நாட்டு மலைப்பாம்பைப் பற்றி இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமில்லை. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் அளித்த காவலையே சர்க்கார் அதற்கும் அளித்திருக்கிறது. பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரையில் சிறைவாசமும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

அயல்நாட்டுப் பாம்பின் கதை வேறு. பல வருஷங்கள் அது சட்டத்தின் கண்ணில் படாமலே இருந்தது. 2020-ல் மத்திய சர்க்கார், ‘உங்களிடம் இருக்கும் அயல்நாட்டுப் பிராணிகளை ஆறு மாதத்துக்குள் தாமாகவே தெரிவித்துவிட்டால், காகிதம் கேட்கமாட்டோம்’ என்று ஒரு வாய்ப்பு அளித்தது. பிறகு 2022-ல் சட்டத்தைத் திருத்தி, உலக நாடுகளின் உடன்படிக்கையில் கண்ட அயல்நாட்டு ஜீவன்களையும் அதனுள் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரி 28-ந் தேதி வெளியான விதிகளின்படி, அத்தகைய பிராணியை வைத்திருப்போர் ‘பரிவேஷ்’ என்னும் சர்க்கார் வலைத்தளத்தில் 1,000 ரூபாய் கட்டணத்துடன் பதிவு செய்துகொள்ள வேண்டும். பந்துப் பாம்பும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஆகவே அதை வளர்ப்பதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. அது எங்கிருந்து வந்தது, யாரிடமிருந்து கைமாறிற்று என்று கணக்குக் காட்டு என்கிறது.

“உனக்கு விற்பவர் காகிதம் ஏதாவது காட்டினாரா?” என்று கேட்டேன்.

“காகிதமெல்லாம் எதற்குத் தம்பி, பெட்டியோடு தந்துவிடுகிறேன் என்றார், ஸார்.”

இந்த ஒரு வாக்கியமே போதும் என்று நினைக்கிறேன்.

பெட்டியில் வரும் பிராணிகள்

காகிதமில்லாத பாம்பு எவ்வழியாக வருகிறது என்பதைச் சென்னை விமான நிலையத்தின் சுங்க அதிகாரிகள் அறிவார்கள். 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது, 45 பந்துப் பாம்புகளும் வேறு பிராணிகளும் அகப்பட்டன. அதே வருஷம் ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்திறங்கிய பெண்மணி ஒருவரின் சாமான்களில் 22 பாம்புகளும் ஓர் ஓணானும் இருந்தன. அந்த ஓணான் நிறம் மாறும் பச்சோந்தி ஜாதி. சின்னஞ்சிறு பிளாஸ்டிக் டப்பாக்களிலிருந்து அதிகாரிகள் அவற்றை ஒவ்வொன்றாகக் கொக்கியால் எடுத்து வெளியே விட்டதைப் படம் பிடித்து உலகமே பார்த்தது.

நீரின்றி, காற்றின்றி, துணிகளுக்கு நடுவே அமுக்கப்பட்டு ஆகாயத்தில் வந்த அந்தப் பிராணிகளில், வழியிலே மாண்டுபோனவற்றுக்குக் கணக்கு எழுதுவோர் யார்? பிடிபட்டவற்றை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவது வழக்கம். ஒரு பிரயாணத்துக்கு இரண்டு பிரயாணமாயிற்று. பிடிபடாதது, ‘பெட்டியோடு தருகிறேன்’ என்று நம் பிள்ளைகளைத் தேடி வருகிறது. வாங்குவோர் இருப்பதனால் அல்லவா கடத்துவோர் இருக்கிறார்கள்?

புளோரிடாவுக்குப் போன இருளர்

வளர்ப்பவர் அலுத்துப்போய் அதை வெளியே விட்டால் என்னவாகும்? இதற்குப் பதில் அமெரிக்க தேசத்தின் தென்கோடியில், புளோரிடா மாகாணத்தில் இருக்கிறது.

அங்கே பலர் பர்மா மலைப்பாம்புக் குட்டிகளை ஆசையாக வாங்கினார்கள். இது பந்துப் பாம்பைப் போல நாலடியில் நிற்பதன்று. நம் நாட்டு மலைப்பாம்புக்கு நெருங்கிய உறவு. சில வருஷங்களில் பத்தடி, பதினைந்தடி என்று வளர்ந்து நின்றதும் எசமான்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இரவோடு இரவாக எவர்கிளேட்ஸ் என்னும் பரந்த சதுப்பு நிலத்தில் கொண்டு விட்டார்கள். 1992-ல் வீசிய பெரும் புயலில் பாம்புப் பண்ணை ஒன்று சிதைந்து பல தப்பிப் போயின என்றும் சொல்கிறார்கள். 2000-ம் வருஷத்தில், அவை அங்கே குடியேறிக் குஞ்சு பொரித்து வருகின்றன என்பது உறுதியாயிற்று. 2012-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று திடுக்கிடச் செய்தது: முன்னாளில் அங்கே சாதாரணமாகக் கண்ணில் பட்ட ரக்கூன் என்னும் பிராணி 99 சதவீதம் குறைந்துவிட்டது, காட்டுப்பூனை 87 சதவீதம், சதுப்பு நில முயல் காணவே இல்லை. அவ்வருஷம் அமெரிக்க சர்க்கார் அந்தப் பாம்புகளின் இறக்குமதியைத் தடுத்தது. ஆனால் வெள்ளம் வந்த பிறகு அணை போட்டு என்ன பயன்?

2016-ல் பாம்பு பிடிக்கும் போட்டி ஒன்று வைத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் புறப்பட்டு ஒரு மாதம் அலைந்து 106 பாம்புகள் பிடித்தார்கள். புல்லுக்குள் கிடக்கும் மலைப்பாம்பு, காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது.

அப்போதுதான் அவர்களுக்கு நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் ஞாபகம் வந்தது. 2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவரை, மொழிபெயர்ப்பாளர் இருவருடன், கடல் கடந்து அழைத்துக்கொண்டார்கள். ஏட்டுப் படிப்பு அறியாத அவ்விருவரும், ஆராய்ச்சியாளர்களுக்கு வழி காட்டிக்கொண்டு முன்னே நடந்தார்கள். புல் சாய்ந்திருக்கும் சாடை, உரித்துப் போட்ட சட்டை, எச்சம், மண்ணில் ஊர்ந்த தடம் – இவைதாம் அவர்களுக்கு எழுத்து. இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள் பிடித்தார்கள். அவற்றுள் ஒன்று, கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்தின் சுரங்கத்துக்குள் கிடந்த பதினாறு அடிப் பெண் பாம்பு. 2023-ல் பாரத சர்க்கார் அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்துத் தன்னைத்தானே கௌரவித்துக்கொண்டது.

இதைப் படித்து என் நெஞ்சு பூரித்தது என்பதை மறைப்பானேன்? விஞ்ஞானக் கருவிகளெல்லாம் நிறைந்த தேசம், நம் குடிசைவாசியின் கண்ணை நம்பி ஆளனுப்பிற்று. நாமோ, அந்தக் குடிசை வழியாகப் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். அயல்நாட்டுப் பாம்புக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். உள்நாட்டு அறிவுக்கு உரிய மரியாதையைக் கொடுக்கத் தயங்குகிறோம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பாம்பை இருளரைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இலர். ஒரு காலத்தில் தோலுக்காக அவர்கள் பாம்பு பிடித்தார்கள். பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டதும் பிழைப்புப் போயிற்று. அப்போது ராமுலஸ் விட்டேகர் என்னும் பாம்பு ஆராய்ச்சியாளர் துணை நிற்க, 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. மகாபலிபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் அதைக் காணலாம். நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து வந்து, மூன்று நான்கு வாரம் பானையில் வைத்திருந்து, நான்கு தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, மறுபடியும் வெளியில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. பாம்போடு இவ்வளவு நெருங்கிப் பழகுகிறவர்கள், வேலை முடிந்ததும் அதை அதன் வழியிலே விட்டுவிடுகிறார்கள்.

கிண்டிக்கு ஒரு யாத்திரை

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பையன் வெகு நேரம் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு மின்சார ரயிலேறிச் சென்ட்ரல் வந்து, பூங்கா நிலையத்தில் வண்டி மாறி, கிண்டியில் இறங்கிப் பாம்புப் பண்ணைக்குப் போனேன். பாட்டியும் கூட வந்தார். ‘எதற்கும் நான் பார்த்துவிடுகிறேன்’ என்று காரணம் சொன்னார்.

நம் நாட்டு மலைப்பாம்பின் முன்னே மூவரும் நின்றோம். தாய்ப் பாம்பு முட்டைகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு இரண்டு மாத காலம் கிடக்கும் என்றும், குளிர் கண்டால் தன் தசைகளைத் துடிக்க வைத்து, உடம்பில் சூடு உண்டாக்கி முட்டைகளைக் காக்கும் என்றும் நான் சொன்னேன். பாட்டி கண்ணாடிக்கு அருகே குனிந்து, “அட பாவமே, இதுவும் தாய்தானே!” என்றார். பையன் ஒரு மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் அவனுக்கு எங்கள் ஊர்ப் பூசலாரின் கதையை ஞாபகப்படுத்தினேன். கையில் காசில்லாத அந்த நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார், காஞ்சியில் கல்லால் கோயில் எடுத்த காடவர்கோனின் கனவில் இறைவன் தோன்றி, ‘உன் குடமுழுக்கைத் தள்ளிவை, நாம் பூசலாரின் ஆலயத்துக்குப் போகிறோம்’ என்றார். “கையில் வைத்துக்கொண்டால்தான் பிரியமா, தம்பி?” என்று கேட்டேன். அவன் சிரித்தான். சம்மதித்தானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் தெரிந்தது. மழை பெய்து ஓய்ந்த மாலை, ஏரிப் பக்கமிருந்து ஆறடிச் சாரை ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. நாலா பக்கமும் கழிகள் கிளம்பின. நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ச் சேருவதற்குள், பையன் கூட்டத்துக்கும் பாம்புக்கும் நடுவே கையை விரித்துக்கொண்டு நின்றான். அவன் குரல் நடுங்கிற்று, கால் நகரவில்லை.

“அடிக்காதீங்க, மாமா! இது சாரை. விஷமில்லை. நம்ம எலியைத்தான் தின்னும்.”

பெரியவர்கள் இரண்டு வார்த்தை முணுமுணுத்தார்கள். கழிகள் தாழ்ந்தன. சாரை காலி மனையைக் கடந்து புதருக்குள் போய் மறைந்தது.

திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி என்னைக் கூப்பிட்டார்.

“இதுவாவது பால் குடிக்குமா, வாத்தியாரையா?”

“இல்லை, அம்மா. இதுவும் எலிதான்.”

“சரி, போகட்டும்” என்றார் பாட்டி. “நம் வீட்டு எலி நமக்கெதற்கு?”